ஆறாம் நம்பர் கால்

அந்தச் செருப்புக் கடையில் அம்மாவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதலாளி முதற்கொண்டு எல்லோருக்கும் அவள் ஆறாம் நம்பர்தான். பழைய வாடிக்கையாளர்கள்கூட, "ஆறாம் நம்பர் அக்கா இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டேதான் கண்ணாடிக் கதவைத் தள்ளுவார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தாயின் பெயர் என்ன என்று டீச்சர் கேட்டதற்கு மகள் யோசிக்காமல் அதையே சொல்லிவிட்டாள் என்று வீட்டில் ஒரு கதை உண்டு. அப்படிச் சொன்னதாக மகளுக்கு ஞாபகமில்லை. அம்மாவிடம் கேட்டால் சத்தியம் செய்வாள்.

பெயர் வந்த விதம் சாதாரணமானது. ஷூ கம்பெனிகளிலிருந்து புது மாடல் காட்ட வருகிறவர்கள் எல்லா அளவையும் சுமந்துகொண்டு வர மாட்டார்கள். பெண்கள் மாடல் என்றால் ஆறாம் நம்பரில் ஒரே ஒரு ஜோடி. அதுதான் சாம்பிள். கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, பிடித்தால் மற்ற அளவுகளுக்கும் சேர்த்து ஆர்டர் கொடுப்பார். அம்மா வேலை கேட்டு வந்தபோது அவளுக்கு இருபது வயது. முதலாளி என்ன படித்திருக்கிறாய் என்று கேட்கவில்லை. குனிந்து அவள் காலைப் பார்த்தார்.

"என்ன நம்பர் போடுவே?"

"ஆறு."

"நாளைக்கே வந்துடு."

அன்றிலிருந்து எந்தக் கம்பெனி ஆள் வந்தாலும் அம்மாதான் சாம்பிளை மாட்டிக்கொண்டு நடப்பாள். கண்ணாடிக் கதவில் தொடங்கி, ஸ்டாக் ரூம் படி வரைக்கும் போய்த் திரும்பி வருவாள். முதலாளி ஷூவைப் பார்க்க மாட்டார், அம்மாவின் முகத்தைப் பார்ப்பார். திரும்பி வந்ததும் அம்மா தீர்ப்புச் சொல்வாள். "குதிகால் வழுக்குது." "சுண்டுவிரல் கிட்ட கடிக்குது." "நல்லாத்தான் இருக்கு, ஆனா மழை பட்டா வாயைப் பிளந்துடும்." கடிக்கிறது என்று அவள் சொன்னால், கம்பெனி ஆள் தலைகீழாக நின்றாலும் முதலாளி அந்த மாடலை வாங்க மாட்டார். "அந்தக் கடை ஷூ கடிக்காது" என்று சுற்றுவட்டாரத்தில் ஒரு பேச்சு இருந்தது. அதைக் கேட்கும்போதெல்லாம் அம்மா ஒரு சுற்றுப் பெருத்துப் போவாள்.

சீசன் முடிந்ததும் சாம்பிள்கள் அவளுக்கே வந்துவிடும். அந்தக் கடைக்குள் காலெடுத்து வைத்த பிறகு அம்மா தனக்கென்று ஷூ வாங்கியதே கிடையாது. கூர்மூக்கு, குதி உயர்ந்தது, பக்கிள் வைத்தது என்று வீட்டுக் கட்டிலுக்கு அடியில் வரிசையாக நிற்கும். எல்லாம் ஆறாம் நம்பர்.

அப்பா லாரி ஓட்டப் போனால் பத்து நாளைக்கு ஒரு முறைதான் வீட்டுக்கு வருவார். அதனால் பள்ளிக்கூடம் விட்டதும் மகள் நேரே கடைக்கு வந்துவிடுவாள். ஷூ போட்டுப் பார்க்கிறவர்கள் கால் வைப்பதற்கென்று ஒரு பக்கம் சரிவான முக்காலி ஒன்று உண்டு. ஆளில்லாத நேரத்தில் அந்தச் சரிவில் நோட்டை வைத்து வீட்டுப்பாடம் எழுதுவாள். எழுதுகோல் உருளும். உருளாமல் இருக்க ஈரம் உறிஞ்சுவதற்காக ஷூப் பெட்டிக்குள் போட்டிருக்கும் சின்ன வெள்ளைப் பொட்டலத்தை முட்டுக் கொடுப்பாள். "அதைத் தின்னுடாதே, வாந்தி வரும்" என்று கேஷியர் தினமும் சொல்வார். பத்தாவது படிக்கும்போதும் சொன்னார்.

புதுத்தோல், பசை, அட்டைப்பெட்டி மூன்றும் கலந்த வாசனை ஒன்று இருக்கிறது. இப்போது வேறு ஊரில் அலுவலகத்தில் வேலை பார்க்கும் மகளுக்கு, அங்கே புது நாற்காலியின் உறையைப் பிரித்த அன்று அந்த வாசனை வந்தது. ஒரு மணி நேரம் வேலை ஓடவில்லை. அவள் வளர்ந்த வீட்டில் எல்லாமே ஷூ அட்டைப்பெட்டிகளில்தான் இருக்கும். பள்ளிச் சான்றிதழ்கள் குழந்தைச் செருப்புப் பெட்டியில். மருந்து மாத்திரைகள் ஆண்கள் பெட்டியில். அப்பாவின் லைசென்ஸ் காகிதங்கள் நீண்ட பூட்ஸ் பெட்டியில். "சான்றிதழ் எங்கம்மா?" என்று கேட்டால், "குழந்தை, எட்டு, சிவப்பு" என்று பதில் வரும். அந்தப் பெட்டியிலிருந்துதான் அந்தக் குடும்பத்தின் முதல் கல்லூரி விண்ணப்பம் போயிற்று.

வாடிக்கையாளரின் காலை அளப்பதில் அம்மாவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. இரும்பு அளவுப் பலகையைக் கீழே வைப்பாள். உட்கார்ந்தபடி யாராவது காலை நீட்டினால் விட மாட்டாள்.

"எந்திரிச்சு நில்லுங்க. உட்கார்ந்திருந்தா கால் பொய் சொல்லும்."

"எனக்கு என் சைஸ் தெரியும்மா, எட்டு."

"போன வருஷத்துக் கால் எட்டு. இந்த வருஷத்துக் காலைக் காட்டுங்க."

இதையெல்லாம் சொன்ன அதே அம்மா, சாயந்திரம் வீட்டுக்கு நடக்கும்போது தபால் நிலையத்தின் சுற்றுச்சுவர் வந்ததும் நிற்பாள். சுவரில் ஒரு கையை ஊன்றி, வலது ஷூவைக் கழற்றித் தலைகீழாகத் தட்டுவாள். "கல்லு புகுந்துடுச்சு." எதுவும் விழாது. நடுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே அழுத்தித் தேய்த்துவிட்டு மறுபடியும் போட்டுக்கொள்வாள். மகளுக்கு அப்போது பத்து வயது. விழாத அந்தக் கல்லைத் தரையில் தேடுவது அவளுடைய விளையாட்டு. ஒரு நாள் ஏதோ ஒரு கூழாங்கல்லைப் பொறுக்கி, "இந்தாம்மா, கிடைச்சிடுச்சு!" என்று நீட்டினாள். அம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "அடப்பாவி, நீதானா?" என்று அதனிடம் கேட்டுவிட்டுச் சுவர்மேல் வைத்தாள். மறுநாளும் ஷூவைத் தட்டினாள்.

வருஷங்கள் போகப் போக அந்தக் கல் வளர்ந்தது. சுவர் வரும்வரை பொறுத்திராமல், கடைக்குள்ளேயே ஷூவைத் தட்டத் தொடங்கினாள். மதியத்துக்குமேல் விரல்களில் நெருப்பு வைத்ததுபோல எரிகிறது என்றாள். சில நேரம் கரண்ட் அடித்ததுபோல ஒரு சுரீர். ஷூவைக் கழற்றினால் ஐந்து நிமிடத்தில் ஒன்றும் இல்லை. இரவில் ஒன்றும் இல்லை. காலையில் ஒன்றும் இல்லை. வலிப்பது பொய்யோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மகள் கல்லூரியின் கடைசி வருஷத்தில் இருந்தபோது, பக்கத்து மருத்துவமனையில் ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள். காலை நேரம், வீட்டுச் செருப்பு. அந்த நேரத்தில் காலில் வலியே இல்லை. ரிப்போர்ட் ஆங்கிலத்தில் இருந்தது. அம்மா அதைக் கையில் வாங்கியதும், அங்கிருந்த டாக்டரிடம் காட்டாமல் நேரே மகளிடம் கொண்டுவந்தாள். வரவேற்பறையில் நாலு பேர் பார்க்க, மகள் அதை விரித்துப் படித்தாள். எலும்பு முறிவு இல்லை, மூட்டுகள் இயல்பு, எலும்பில் கோளாறு எதுவும் இல்லை. மூன்றே வரி. கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

"உனக்கு ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லையா?"

"ஒண்ணுமே இல்ல. நார்மல்."

அம்மா அந்தச் செய்தியைக் கடை முழுக்கச் சொன்னாள். கேஷியரிடம் சொன்னாள், தையல் பிரிந்த ஷூவைக் கொண்டுவந்த கிழவரிடம் சொன்னாள். "என் பொண்ணே படிச்சுப் பார்த்துட்டா. ஒண்ணுமில்லையாம். எல்லாம் என் நினைப்புதான்." அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவள் காலைப் பற்றிப் பேசவே இல்லை.

வேலை கிடைத்து, வெளியூர் போய், முதல் நீண்ட விடுமுறையில் மகள் திரும்பி வந்த நாளில் அம்மா பஸ் நிறுத்தத்துக்கு வந்திருந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். அலுவலகத்தில் சாப்பாடு எப்படி, உடன் தங்கியிருக்கும் பெண் எப்படி என்று அம்மா மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டே வந்தவள், தபால் நிலையத்துக்கு இன்னும் பாதி தூரம் இருக்கும்போதே விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். ஷூவைக் கழற்றவில்லை. கழற்ற முடியவில்லை. கம்பத்தைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடியபடி நின்றாள்.

"அம்மா, என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. நீதான் பார்த்தியே."

குத்திக்காட்டவில்லை. உண்மையிலேயே மகளுக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னாள். அதுதான் மகளால் தாங்க முடியாமல் போயிற்று. அவள் படித்த மூன்று வரியிலும் எலும்பும் மூட்டும்தான் இருந்தன. 'ஒண்ணுமில்ல' என்பது அந்தக் காகிதத்தில் எங்கும் இல்லை. அதை எங்கிருந்து எடுத்தாள்? தெரிந்ததுபோல் பேசும் அவசரத்திலா? இல்லை, அம்மாவுக்கு ஒன்றும் இருக்கக்கூடாது என்ற ஆசையிலா? அன்றைக்கு முழுவதும் யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் மத்தியானம், கடையில் நின்றுகொண்டிருந்த அம்மாவை நின்ற கோலத்திலேயே பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். "வீட்டுக்குப் போய் நல்ல செருப்பு மாத்திட்டு வந்துடறேன்டி, டாக்டர் முன்னாடி இந்தக் கூர்மூக்கோட எப்படிப் போறது?" என்று அம்மா வழியெல்லாம் சண்டை போட்டாள்.

கால் டாக்டர் ஒரு பெண். மகளைவிடப் பத்து வயது கூட இருக்கலாம். அம்மா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, காலின் இரு பக்கத்தையும் ஒரு கையால் சேர்த்து அமுக்கினார். மறு கையின் கட்டைவிரலால் மூன்றாவது, நாலாவது விரல்களுக்குக் கீழே அழுத்தினார். உள்ளே ஏதோ 'க்ளிக்' என்று நழுவியது. அம்மா நாற்காலியிலிருந்து எழும்பிவிட்டாள்.

"இதானே உங்க கல்லு?"

"இதேதான்! எப்படிப் பிடிச்சீங்க? பத்து வருஷத்துக்கு மேல தேடுறேன் டாக்டர்."

அன்றைக்கே ஸ்கேனும் பார்த்தார்கள். விரல்களுக்குப் போகும் நரம்பு ஒன்று, எலும்புகளுக்கு நடுவே மாட்டி மாட்டி நசுங்கி, சுற்றிலும் தடித்துப்போய் ஒரு பட்டாணிபோல நின்றது. புற்றுக்கட்டி மாதிரி பயப்பட வேண்டியது இல்லை என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். எடையெல்லாம் முன்காலில் விழுகிற உயரக் குதியும், விரல்களை நெருக்குகிற கூர்மூக்கும் சேர்ந்தால் இப்படி ஆவதுண்டு என்றார்.

"எக்ஸ்ரே ரிப்போர்ட்டை நான்தான் படிச்சேன் டாக்டர்," என்றாள் மகள். "ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டேன்."

"எக்ஸ்ரேல எலும்பு தெரியும். இந்த நரம்பு தெரியாது. நீங்க படிச்சது சரியாத்தான் இருந்திருக்கும்."

சரியாகப் படித்தது அவளுக்கு எந்த நிம்மதியும் தரவில்லை.

டாக்டர் ஒரு வெள்ளைத்தாளைத் தரையில் போட்டு, அம்மாவை அதன்மேல் நிற்கச் சொல்லி, காலைச் சுற்றிப் பேனாவால் வரைந்தார். பிறகு அந்தக் கூர்மூக்கு ஷூவை எடுத்துப் படத்தின்மேல் வைத்தார். ஷூவுக்கு இரண்டு பக்கமும் கால் வெளியே தெரிந்தது. முன்பக்கம் அரை விரல் அகலத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது.

"என்ன நம்பர் போடுறீங்க?"

"ஆறு."

"எத்தனை வருஷமா?"

"எப்பவுமே ஆறுதான் டாக்டர். நான் செருப்புக் கடையில வேலை பாக்குறவ. நீங்க பேனாவைச் சாய்ச்சுப் பிடிச்சு வரைஞ்சிட்டீங்க. நேரா பிடிக்கணும், இல்லன்னா கூடக் காட்டும்."

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, உங்க கடையிலேயே நேரா அளந்து பாருங்க," என்றார். பிறகு வைத்தியத்தைச் சொன்னார். முதலில் அகலமான, குதி தாழ்ந்த ஷூ. உள்ளே ஒரு பஞ்சுத்திண்டு, ஆனால் வலிக்கிற இடத்தில் வைக்கக்கூடாது. அதற்குச் சற்றுப் பின்னால் வைத்தால்தான் எலும்புகள் விலகி நரம்புக்கு மூச்சு கிடைக்கும். தேவைப்பட்டால் ஓர் ஊசி. அதிலும் தீரவில்லையென்றால் ஆபரேஷன். தடித்த நரம்பை எடுத்துவிடலாம்.

"எடுத்தா?"

"அந்த ரெண்டு விரலுக்கு நடுவுல உணர்ச்சி இருக்காது. நடக்கிறதுக்கு ஒண்ணும் தொந்தரவு இல்ல."

அதுவரை வாயாடிக்கொண்டிருந்த அம்மா சட்டென்று ஷூவை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். வெளியே வந்து, நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து, காலைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"உணர்ச்சி இல்லன்னா, கடிக்குதா இல்லையான்னு எப்படிடி தெரியும்? இந்தக் காலுக்காகத்தானே என்னை வச்சிருக்காங்க."

"ஆபரேஷன் கடைசியிலதாம்மா. முதல்ல ஷூவை மாத்து."

"மாத்துனா நான் ஆறு இல்லன்னு ஆயிடுமே."

மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்: "நான் ஒண்ணுமில்லன்னு சொன்னப்ப ஏம்மா நம்புன? வலிச்சதுல்ல?"

"பின்ன? நம்ம வீட்டுல இங்கிலீஷ் படிக்கத் தெரிஞ்சவ நீ ஒருத்தி. உன்னை நம்பாம இந்தக் காலையா நம்பச் சொல்ற?"

கடைக்குத் திரும்பியபோது சாயந்திரம். கூட்டமில்லை. கேஷியர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். முதலாளி ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து பெட்டிகளின் லேபிளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அளவுப் பலகையைத் தானே எடுத்துவந்து தரையில் வைத்தாள். ஆனால் அதில் கால் வைக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். இருபத்தாறு வருஷத்தில் எத்தனை ஆயிரம் கால்களை அந்தப் பலகையில் வைத்திருப்பாள்! தன் காலை ஒருநாளும் வைத்ததில்லை என்பது மகளுக்கு அப்போதுதான் உறைத்தது. தெரிந்த அளவை யார் அளப்பார்கள்?

அம்மா முக்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினாள்.

"எந்திரிச்சு நில்லு," என்றாள் மகள். "உட்கார்ந்திருந்தா கால் பொய் சொல்லும்."

கேஷியர் பேப்பரை இறக்கிவிட்டார். அம்மா மகளை முறைத்துக்கொண்டே எழுந்து நின்றாள். மகள் மண்டியிட்டு, அம்மா செய்வதுபோலவே குதிகாலைப் பின்னுக்குத் தள்ளி, பலகையில் நகரும் கட்டையை விரல் நுனிவரை தள்ளினாள். ஏழு. ஏழைத் தாண்டி ஒரு நூல். அகலத்துக்கான கட்டை கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றது.

"ஏழா?" முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்து குனிந்தார். "எப்போதிருந்து?"

"இவளைப் பெத்ததிலிருந்தா இருக்கும்," என்றாள் அம்மா. குரல் கீழே போய்விட்டது. "அதுக்கப்புறம்தான் எல்லாம் இறுக்கமா இருக்கிற மாதிரி இருந்துச்சு. தையல்காரன் துணியை மிச்சம் பிடிக்கிற மாதிரி, இப்பல்லாம் ஷூ தைக்கிறவங்க தோலை மிச்சம் பிடிக்கிறாங்கன்னு நினைச்சேன்."

கேஷியர் சிரித்தார். "இருபது வருஷத்துக்கு மேல ஏழாம் நம்பர் ஒண்ணு ஆறாம் நம்பர்னு சொல்லி நம்மள ஏமாத்தியிருக்கு முதலாளி!"

முதலாளி சிரிக்கவில்லை. அலமாரிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மாவின் கை மகளின் தோளை இறுகப் பிடித்தது. அடுத்து என்ன வரும் என்று அம்மாவுக்குத் தெரியும்: வேறொரு ஆறைத் தேட வேண்டியதுதான். புதிதாகச் சேர்ந்த பெண்களில் இரண்டு பேருக்குக் கச்சிதமான ஆறு. அவளே அளந்திருக்கிறாள்.

"அப்போ, நீ கடிக்குதுன்னு தள்ளுன மாடலெல்லாம்?" என்று கேட்டார் முதலாளி.

"நிஜமான ஆறு போடுறவங்களுக்கு கடிச்சிருக்காது."

"நல்லாயிருக்குன்னு சொன்னதெல்லாம்?"

அம்மா யோசித்தாள். "அதெல்லாம் ஒரு நம்பர் தாராளமா இருந்திருக்கும்."

முதலாளி மெதுவாகத் திரும்பினார். "நம்ம கடை ஷூ கடிக்காதுன்னு இத்தனை வருஷமா ஊரே சொல்லுதே, அது எதனாலன்னு நான் என்னவெல்லாமோ நினைச்சுக்கிட்டிருந்தேன். எல்லாம் இந்தத் தப்பாலதானா?" என்றார். காலால் பலகையை முக்காலிக்கு அடியில் தள்ளிவிட்டார். "இதைப் பத்தி யாரும் வெளியில மூச்சு விடக்கூடாது. கம்பெனிக்காரனுக்குத் தெரிஞ்சா எழும்பிக் குதிப்பான். ஆறாம் நம்பர் ஆறாம் நம்பராவே இருக்கட்டும்."

"நாள் முழுக்க என்னால அதைப் போட முடியாது முதலாளி."

"யாரு போடச் சொன்னா? வர்ற சாம்பிளை மாட்டு, போய்த் திரும்பு, கழட்டிடு. மத்த நேரத்துக்கு இந்தக் கடையில உனக்கு ஆகுற மாதிரி ஒரு ஷூகூடவா இல்ல?"

இருந்தது. பெண்கள் அலமாரி முழுக்கத் தேடியும் அந்த அகலத்துக்கு எதுவும் சரிவரவில்லை. கடைசியில் பையன்கள் போடும் கறுப்புப் பள்ளிக்கூட ஷூதான் பொருந்தியது. கயிறு கட்டுவது, வட்டமூக்கு, தட்டையான அடி. அம்மா கண்ணாடியில் பார்த்து, "அஞ்சாம் கிளாஸ் பெயிலானவன் மாதிரி இருக்கேன்," என்றாள். ஆனால் கழற்றவில்லை. திண்டை முதல் வாரம் வலிக்கிற இடத்திலேயே வைத்துக்கொண்டு, டாக்டரைத் திட்டினாள். மகள் போனில் கத்திய பிறகு பின்னால் தள்ளி வைத்தாள். இரண்டாவது மாதம் ஓர் ஊசி போட்டுக்கொண்டாள். ஆபரேஷன் பேச்சு அப்படியே நின்றுபோயிற்று. வலி முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. சாம்பிள் போட்டு நடக்கும் நாட்களில் லேசாக எட்டிப்பார்க்கும். "அவரும் ரொம்ப வருஷப் பழக்கம், சொல்லாம கொள்ளாம போயிடுவாரா?" என்பாள்.

அடுத்த விடுமுறையில் வந்தபோதும் அம்மா பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தாள், பள்ளிக்கூட ஷூவோடு. மகள் அலுவலகத்துக்காக வாங்கிய புது ஷூவை ஒரு பார்வையில் எடைபோட்டு, "இந்தத் தையல் மழைக்குத் தாங்காது," என்றாள். புது மாடல் ஒன்றைக் கடிக்கிறதென்று நேற்றுத்தான் தள்ளினாளாம். கம்பெனி ஆள் கெஞ்சியிருக்கிறான். கேஷியர் சிரிப்பை அடக்க முடியாமல் ஸ்டாக் ரூமுக்குள் ஓடிவிட்டாராம். பேசிக்கொண்டே நடந்தார்கள். தபால் நிலையச் சுவர் வந்தது. மகள் தன்னை அறியாமல் நின்றாள். சுவரின்மேல் ஒரு கூழாங்கல்லைக்கூடக் காணவில்லை. பல வருஷத்து மழையும் வெயிலும் பட்டு, சுவரின் விளிம்பெல்லாம் கறுத்துப்போயிருந்தது. அம்மா இந்த இடத்தில் கை ஊன்றுவாள், அந்த இடத்தில் ஷூவைத் தட்டுவாள் என்று பழையதை நினைத்தபடி அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா பேச்சு சுவாரசியத்தில் பத்து அடி முன்னால் போய்விட்டிருந்தாள். பதில் வராததைக் கண்டு திரும்பிப் பார்த்தாள்.

"ஏன்டி நின்னுட்டே? கால்ல கல்லா?"